நம் வாசலில் கேட்ட கேள்விகள்... பூட்டிய அறையில் பதில்கள்!

சகோதரி! கடல் பொங்கி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2004 டிசம்பர் 26. காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நம் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் அன்று பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. நாட்டில் ஆகக் கூடிய உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான்.

கடல் வடிந்த பிறகு நம் ஊர்களுக்குப் பலர் வந்தார்கள். அரிசி மூட்டையுடன் வந்தவர்கள், கூடாரத்துடன் வந்தவர்கள், மருந்துப் பெட்டியுடன் வந்தவர்கள். இவர்களோடு இன்னும் ஒரு கூட்டத்தாரும் வந்தார்கள். அவர்கள் கையில் பைலும் பேனையும் இருந்தன. அகதி முகாமின் ஓர் ஓரத்தில் உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர்? எத்தனை பேர் மௌத்தானார்கள்? வீடு யாருடைய பெயரில் இருந்தது? சீதனமாக வந்ததா? காணி உறுதி கையில் இருக்கிறதா? இரவில் தூக்கம் வருகிறதா?

நீங்களும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். அழுதழுது சொன்னீர்கள். சிலர் அவர்களுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் கொடுத்தீர்கள்.

அந்தப் பதில்கள் எங்கே போயின? என்றைக்காவது கேட்டுப் பார்த்தீர்களா?

பதில்கள் வீணாய்ப் போய்விடவில்லை. அவை ஆய்வுக் கட்டுரைகளாயின, நூல்களாயின, சிலருக்குப் பட்டங்களாயின. ஆனால் அவற்றில் பெரும் பங்கை இன்று நீங்களோ உங்கள் மகளோ வாசிக்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். அதுவும் டொலரில்!

இந்தப் பூட்டைப் பற்றியும், அதைத் திறக்கப் பொதுப் பணத்தால் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. இது கம்பஸ்காரர்களின் விவகாரம், நமக்கு என்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் உங்கள் வீட்டு உறுதியும் இருக்கிறது; உங்கள் மகளின் படிப்பும் இருக்கிறது.

நம்மைப் பற்றி எழுதியவர்கள்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் உள்ள ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. இங்கே பெண்பிள்ளை புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு உரியது. குடி என்பதும் தாய்வழியாகவே வருகிறது. உம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிந்தெடுத்த வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது.

நமக்கு இது சர்வசாதாரணம். உலகத்துக்கு இது அதிசயம். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். அதன் பிறகும் பல தடவை வந்து போனார். நம் குடி முறை, சீதன வீடு, கோயிலும் பள்ளிவாசலும் நடக்கும் விதம் எல்லாவற்றையும் எழுதினார். அவருடைய பெரிய நூல் 2008இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. காஞ்சனா ருவன்புர என்ற இலங்கைப் பெண் ஆய்வாளர், கிழக்கில் பெண்களே தலைமை தாங்கும் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 2006இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வந்தது. தாய்வழி வழக்கம் இருப்பதனால் மட்டும் பெண்ணின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை என்பது அந்த நூலின் சாரம்.

சுனாமிக்குப் பிறகு நடந்த வீட்டுப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் உத்தரவு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர்தான். அப்புறம் அந்த விதி தளர்த்தப்பட்டது. புது வீடுகள் கொடுத்தபோது, "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டு, பல இடங்களில் கணவனின் பெயரை எழுதிக்கொண்டார்கள். கடல் கொண்டுபோன வீடு உம்மாவின் சீதனம். திருப்பிக் கிடைத்த வீடு வாப்பாவின் பெயரில்! தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறிப் போயிற்று.

சுனாமிக்குப் பிந்திய வீடுகளையும் சீதனத்தையும் பற்றி மெக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸ் என்ற பெண் ஆய்வாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 2010இல் ரவுட்லெட்ஜ் நிறுவனம் வெளியிட்ட, சுனாமி மீட்சி பற்றிய ஒரு தொகுப்பு நூலில் அது உள்ளது. கொழும்பில் கொள்கை வகுப்பவருக்கும், ஊரில் வீடு பகிர்ந்தளிப்பவருக்கும், சீதன வீட்டை இழந்த பெண்ணுக்கும் வேண்டிய விடயம். ஆனால் இவையெல்லாம் வெளிநாட்டில் விலைக்கு விற்கப்படும் ஆங்கில நூல்கள். ஒரு பிரதியின் விலை பல ஆயிரம் ரூபா. நம் ஊர்ப் பொது நூலகத்துக்கு இது கட்டுபடியாகுமா?

எழுதியவர்கள் மீது நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்து எழுதியிராவிட்டால் நம் வழக்கங்களில் பாதி பதிவாகாமலே போயிருக்கும். குறை இருப்பது எழுத்தை விற்கும் முறையில்.

மருதமுனைத் தறியை நினைத்துப் பாருங்கள்

ஓர் ஆய்வுக் கட்டுரை எப்படி உண்டாகிறது, எப்படி விலையாகிறது? மருதமுனை நெசவை வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

ஊரார் எல்லாரும் காசு சேர்த்து நூல் வாங்குகிறார்கள். நெய்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஊரார்தான். நெய்து முடிந்த புடவையில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல இன்னொரு நெசவாளி வருகிறார். அவர் கூலி வாங்குவதில்லை. பிறகு அந்தப் புடவையை ஒரு முதலாளியிடம் இனாமாகக் கொடுக்கிறார்கள். அவர் அதை மடித்து, சீட்டு ஒட்டி, அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார். "புடவை வேண்டுமா? காசைக் கொடு!" என்று அதே ஊராரிடம் கேட்கிறார்!

இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் நடக்குமா என்று கேட்கிறீர்களா? ஆய்வுச் சஞ்சிகைகளில் நடப்பது ஏறக்குறைய இதுதான். விரிவுரையாளருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களின் காசு நம்முடைய வரி. நீங்கள் தொலைபேசிக்கு ரீலோட் போடும்போதும், சவர்க்காரக் கட்டி வாங்கும்போதும் கட்டுகிற வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. கட்டுரையை எழுதியவருக்குச் சஞ்சிகை வழக்கமாக ஒரு சதமும் கொடுப்பதில்லை. சரி பிழை பார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் இலவசமாகவே பார்க்கிறார்கள். முடிவில் அந்தச் சஞ்சிகையைப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

பதிப்பகத்தாருக்கும் செலவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மொழி திருத்த வேண்டும், பக்கம் அமைக்க வேண்டும், கணனியில் பாதுகாக்க வேண்டும். ஆனால் உலகின் மிகப் பெரிய ஆய்வுப் பதிப்பகமான எல்சவியர் பல ஆண்டுகளாக நூறு ரூபா வருமானத்தில் முப்பது ரூபாவுக்கு மேல் இலாபம் பார்த்து வருகிறது. இவ்வளவு இலாபம் தரும் வியாபாரங்கள் எத்தனை உண்டு என்பதை உங்கள் வீட்டு வியாபாரிகளிடமே கேட்டுப் பாருங்கள்!

மகள் தட்டிய கதவு

ஒரு வீட்டை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். உங்கள் வீடாகவே இருக்கட்டும். மகள் உயர்தரத்தில் நன்றாகச் செய்து ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ போயிருக்கிறாள். உங்கள் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். கடைசி வருடத்தில் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். தலைப்பு, நம் வாவியில் இறால் குறைந்து வருவது. அவளுடைய மூத்தவாப்பா தோணியில் போய் வலை வீசிய அதே வாவி.

கணனியைத் திறந்து தேடுகிறாள். வேண்டிய கட்டுரை கண்ணில் படுகிறது. தலைப்புத் தெரிகிறது, முதல் பத்து வரி தெரிகிறது. அதன் கீழே, "முழுவதையும் வாசிக்க 35 டொலர்" என்றிருக்கிறது. நம் காசில் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல். மஹபொல மாதக் கொடுப்பனவைக் காட்டிலும் கூடிய தொகை! ஒரு கட்டுரைக்கு இந்த விலை. ஓர் ஆய்வுக்கு முப்பது நாற்பது கட்டுரையாவது பார்க்க வேண்டும்.

அவள் என்ன செய்வாள்? வாசிக்க முடிந்த பத்து வரியை வைத்துச் சமாளிப்பாள். அல்லது தலைப்பையே மாற்றிக்கொள்வாள். வெளிநாட்டில் பணக்காரப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவள் வயதுப் பெண் ஒரு சொடுக்கில் அதே கட்டுரையைத் திறந்துவிடுவாள். மூளையில் குறைவில்லை, முயற்சியிலும் குறைவில்லை. கதவில்தான் வித்தியாசம்.

இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆகவே இந்தக் கதவில் முட்டிக்கொள்பவர்களிலும் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்தான்.

வாவியின் விடயம் வெறும் பட்டப் படிப்பு விடயமுமல்ல. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மழை காலத்தில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி. பிந்தி வெட்டினால் வயலும் வீடும் தண்ணீரில். முந்தி வெட்டினால் வாவிமீனை நம்பியிருப்பவரின் பிழைப்புக்கு என்ன ஆகுமோ என்ற கவலை. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு பட்ட பாடு நமக்குத் தெரியும். இப்படியான ஒரு தீர்மானத்துக்கு உப்புத் தண்ணீர் எவ்வளவு, குஞ்சு மீன் எந்த மாதத்தில் உள்ளே வருகிறது என்ற ஆய்வுகள் வேண்டும். அந்த ஆய்வைப் பிரதேச செயலகத்தில் இருப்பவரும், மீனவர் சங்கச் செயலாளரும், விவசாயியும் வாசிக்க முடியாவிட்டால் அது யாருக்காக எழுதப்பட்டது?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி நம் வாவியின் பாடும் மீனைப் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதை இன்று எவரும் இலவசமாக வாசிக்கலாம். நூற்றறுபது வருடத்துக்கு முந்திய செய்தி திறந்து கிடக்கிறது. போன வருடத்து ஆராய்ச்சி பூட்டிக் கிடக்கிறது!

பொதுப் பணம் கதவைத் திறந்த இடங்கள்

ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கைக்குத் "திறந்த அணுக்கம்" என்று பெயர். 2002இல் புடாபெஸ்ட் நகரிலிருந்து வெளியான ஒரு பிரகடனம் இதற்கு ஒரு தெளிவான வரைவிலக்கணம் கொடுத்தது. ஆனால் இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. யாரோ ஒருவர் செலவை ஏற்க வேண்டும். வாசிப்பவரா, எழுதுபவரா, அல்லது பொதுப் பணமா? இதுதான் கேள்வி.

பிரேசில் நாட்டுக்காரர்கள் 1997இலேயே ஒரு வழி கண்டார்கள். சாவோ பாவுலோ மாநில அரசின் ஆராய்ச்சி நிதியத்தின் உதவியோடு "ஸைலோ" என்ற பொதுத் தளத்தைத் தொடங்கினார்கள். தங்கள் நாட்டுச் சஞ்சிகைகளை அதில் ஏற்றி, உலகம் முழுவதும் இலவசமாக வாசிக்க விட்டார்கள். கட்டுரைகள் போர்த்துக்கேய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் உண்டு. சொந்த மொழியில் எழுதினால் அறிவு குறைந்துவிடும் என்று அவர்கள் வெட்கப்படவில்லை. பின்னர் இலத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் அதில் சேர்ந்தன.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2008இல் ஒரு விதி கொண்டு வந்தன. எங்கள் பணத்தில் ஆய்வு செய்தால், வெளியாகி 12 மாதத்துக்குள் அதை "பப்மெட் சென்ட்ரல்" என்ற பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிட வேண்டும் என்றார்கள். 2025 ஜூலை 1 முதல் அந்தப் பன்னிரண்டு மாதத் தவணையும் இல்லை; வெளியாகும் நாளிலேயே வைக்க வேண்டும். அமெரிக்க மக்களின் வரியில் செய்த நீரிழிவு ஆராய்ச்சியை இன்று ஏறாவூரிலுள்ள ஒரு தாதியும் காசில்லாமல் வாசிக்கலாம்!

ஐரோப்பாவில் 2018இல் பல நாடுகளின் ஆராய்ச்சி நிதியங்கள் ஒன்று சேர்ந்து, தங்கள் பணத்தில் நடந்த ஆய்வுகள் திறந்தே வெளிவர வேண்டும் என்று "பிளான் எஸ்" என்ற திட்டத்தை அறிவித்தன.

பக்கத்து நாடான இந்தியா வேறு வழியில் போனது. 2024 நவம்பரில் இந்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்தை அங்கீகரித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி இந்திய ரூபா. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளை 6,300க்கு மேற்பட்ட அரச நிறுவனங்களில் இருக்கும் 1 கோடி 80 இலட்சம் பேர் வாசிக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பெரிய நகரத்துக் கல்லூரிக்குக் கிடைப்பது கிராமத்துக் கல்லூரிக்கும் கிடைக்கிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. இது பூட்டைக் கழற்றவில்லை. கல்லூரிகளுக்குச் சாவி வாங்கிக் கொடுத்திருக்கிறது. படித்து முடித்து வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும், ஊர் நூலகத்துக்கும் அந்தச் சாவி இல்லை. மூன்று வருடம் முடிந்தால் மறுபடியும் பணம் கட்டவும் வேண்டும்.

நம் நாட்டில் இருப்பது

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

2008இல் "ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்" என்ற தளம் ஒரு பிரித்தானிய அமைப்பின் உதவியுடன் தொடங்கப்பட்டது. அது இப்பொழுது அரச நிறுவனமான தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. இலங்கையில் வெளிவரும் ஆய்வுச் சஞ்சிகைகள் பல அதில் இலவசம். 1887 முதல் வெளிவரும் இலங்கை வைத்தியச் சஞ்சிகையும் அதில் உண்டு. டெங்கு, தலசீமியா, நீரிழிவு என்று நம் நாட்டு வைத்தியர்கள் நம் நாட்டு நோயாளரைப் பார்த்து எழுதியவை. வாசித்துவிட்டு வீட்டில் நீங்களே வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. வைத்தியரிடம் சரியான கேள்வி கேட்க அது உதவும்.

1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். யுத்த காலத்தில் நம் பிள்ளைகள் படிப்பு இடைநின்று தவித்தபோது, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது; அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் நூலகம் தன் ஆய்வரங்கக் கட்டுரைகளை இணையத்தில் ஒரு களஞ்சியமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் தமிழில் எழுதிய கட்டுரைகளும் உண்டு. நம் ஊர்த் திருமண வழக்கம், பெண்கள் தொழில், வெள்ளப் பாதிப்பு என்று தேடிப் பாருங்கள். உங்கள் ஊரின் பெயரே கண்ணில் படலாம். யாழ்ப்பாணம், மொரட்டுவைப் பல்கலைக்கழகங்களும் இவ்வாறே களஞ்சியம் வைத்திருக்கின்றன.

பொதுப் பணம் இல்லாமல், தொண்டர்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற மின்னூலகம் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள் முதலிய ஆவணங்களை இலட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் நம் பழைய சஞ்சிகைகளும் அதில் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. சிலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. ஓரிடத்தில் பூட்டி வைத்தால்தான் பத்திரம் என்று நினைக்கிறோம். பலரிடத்தில் பரவியிருப்பதே பத்திரம் என்று அந்த நெருப்பு கற்பித்தது.

திறந்தால் மட்டும் போதுமா?

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதியவரிடம் வாங்கும் முறை. "நேச்சர்" என்ற புகழ்பெற்ற சஞ்சிகை, ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 2021 முதல் 9,500 யூரோ என்று அறிவித்தது. நம் காசில் முப்பது இலட்சம் ரூபாவுக்கு மேல்! வாசிக்கும் கதவு திறந்தது. எழுதும் கதவு மூடிற்று. ஆகவே பொதுப் பணத்தை இப்படிப்பட்ட கட்டணங்களில் கொட்டுவதைவிட, பிரேசில் செய்தது போல் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் வாங்காத நம் சொந்தச் சஞ்சிகைகளையும் களஞ்சியங்களையும் தாங்குவதே நம்மைப் போன்ற நாட்டுக்குத் தோதானது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாம் பட்ட பாட்டை நினைத்தால் இது நன்றாக விளங்கும். வெளிநாட்டுச் சந்தா டொலரில் போகும் பணம். உள்ளூர்க் களஞ்சியம் ரூபாவில் நிற்கும் சொத்து.

இரண்டாவது, போலிச் சஞ்சிகைகள். காசு கட்டினால் எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் கடைகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. "உங்கள் கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று மகளுக்கு அழைப்பு வந்தால், அவள் தன் ஆசிரியரிடமோ நூலகரிடமோ கேட்காமல் ஒரு ரூபாவும் அனுப்பக் கூடாது.

மூன்றாவது, நமக்கு மிக முக்கியமானது, மொழி. கதவு திறந்தாலும் உள்ளே இருட்டாக இருந்தால் என்ன பயன்? கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். அதுவும் துறைக்காரருக்கே விளங்கும் ஆங்கிலம். சுனாமிக் கூடாரத்தில் தமிழில் சொன்ன பதில் ஆங்கிலத்தில் போய் அங்கேயே தங்கிவிட்டது. அது திரும்பி வர வேண்டுமானால் ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஆய்வுக்கு ஆன செலவில் ஒரு சிறு துளிதான்.

1945இல் இந்த நாடு ஒரு பெரிய முடிவெடுத்தது. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கூலிக்காரன் மகளும் கச்சேரி எழுதுநர் மகளும் ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். இன்று பல்கலைக்கழகப் படிப்பில் பாதி வகுப்பறையில், பாதி ஆய்வுக் கட்டுரைகளில். வகுப்பறைக்குக் கட்டணம் இல்லை, கட்டுரைக்கு மட்டும் 35 டொலர் என்றால் அந்த இலவசக் கல்வி அரைவாசியில் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

நீங்கள் என்ன செய்யலாம்?

"நான் அடுப்படியில் இருப்பவள், என்னால் என்ன முடியும்?" என்று கேட்காதீர்கள். முடியும்.

அடுத்த முறை யாராவது பைலும் பேனையுமாக வாசலுக்கு வந்தால் அன்பாக வரவேற்றுப் பதில் சொல்லுங்கள். சொல்லும் முன் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எங்கே வெளியிடப் போகிறீர்கள்? நாங்கள் காசில்லாமல் வாசிக்கலாமா? தமிழில் ஒரு சுருக்கம் எழுதி எங்கள் ஊர் நூலகத்துக்கு அனுப்புவீர்களா? நல்ல ஆய்வாளர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார், சந்தோஷப்படுவார். உங்கள் பதிலுக்கு விலையாகக் கேட்கவில்லை. உங்கள் உரிமையாகவே கேட்கிறீர்கள்.

மகளோ தங்கையோ பல்கலைக்கழகத்தில் இருந்தால், மேலே சொன்ன தளங்களை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பூட்டிய கட்டுரை ஒன்று மிகவும் வேண்டுமென்றால், எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. தன் எழுத்தை ஒருவர் தேடி வாசிப்பதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. அவளுடைய ஆய்வு முடிந்ததும், அதைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் திறந்து வைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் தங்கச்சிக்கு அது படிக்கல்லாகும்.

உங்கள் வீட்டு ஆண்களில் யாராவது பள்ளிவாசல் நிர்வாகத்திலோ, நூலகக் குழுவிலோ, பிரதேச சபையிலோ இருப்பார்கள். இரவுச் சாப்பாட்டின்போது இந்த விடயத்தை எடுத்துப் போடுங்கள். ஊர் நூலகத்தில் ஒரு கணனி, ஓர் இணைப்பு, நம் பிரதேசத்தைப் பற்றிய ஆய்வுகளின் ஒரு கோப்பு. இதற்கு இலட்சக்கணக்கில் செலவாகாது. தேர்தல் காலத்தில் வீடு தேடி வருபவர்களிடமும் கேளுங்கள். "எங்கள் வரியில் நடக்கும் ஆய்வு எங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வருவீர்களா?" அவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். திகைக்கட்டும்!

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் தெருவுக்கும் வக்பு செய்த கிணறுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெட்டிக் கொடுத்தவர் பெயர் சில கிணற்றில் இருக்கும், சிலவற்றில் இராது. வழிப்போக்கர் வருவார், வாளியை இறக்குவார், குடிப்பார், போவார். நீ எந்த ஊர், எந்தக் குடி, காசு இருக்கிறதா என்று கிணறு கேட்பதில்லை. எத்தனை பேர் அள்ளினாலும் அது ஊறிக்கொண்டே இருக்கும். பூட்டி வைத்த கிணறோ பாசி பிடித்துப் போகும்.

அன்று கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, "வீடு என் சீதனம், உம்மா தந்தது" என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி இப்பொழுதும் எங்கோ ஒரு பக்கத்தில் அச்சாகிக் கிடக்கிறது. அதை உங்கள் மகள் வாசிக்க வேண்டாமா? வாசித்துவிட்டு, "உம்மா, இது நீங்கதானே!" என்று உங்களிடம் ஓடி வர வேண்டாமா?